எழுத்தைக் கூட்டிச் சொல்லை மீட்டல்: அம்மாவின் பக்கவாதத்துக்குப் பின் நான் அறிந்தவை

பக்கவாதம் வந்தால் கை கால் விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கையோடு காலோடு சொல்லும் போய்விடக்கூடும், எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு 'உப்பு' என்ற மூன்றெழுத்தைக் கூடச் சேர்க்க முடியாமல் ஆகிவிடும் என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவர் என்று ஒருவரும் இல்லாமல், நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இதே நிலையில் வேறொரு வீட்டில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு என்னைப் போல மாதங்களும் பணமும் வீணாகக் கூடாது.

அம்மா கள்ளிடைக்குறிச்சியில் வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்றவர். எந்தக் கடைக்கு எத்தனை கட்டு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் நீள நோட்டில் தம் கைப்பட எழுதி வைப்பார். ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழும்பும்போதே வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தொய்ந்து கிடந்தது. கூப்பிட்டதற்கு வந்த சத்தம் சொல்லாக இல்லை. 108 வண்டியை அழைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு சென்றோம். மூளையின் இரத்தக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றும், தூக்கத்திலேயே வந்திருந்தால் தொடங்கிய நேரம் தெரியாததால் அதைப் போடுவது சிக்கல் என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆகவே முகம் கோணுதல், கை தொய்தல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும், அந்த ஆள் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கொடுத்த தாளில் மாத்திரைகள் இருந்தன. கைகால் பயிற்சி இருந்தது. பேச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வந்த அம்மாவிடம் மிஞ்சியிருந்தவை 'ஆமா' என்ற ஒன்றும் 'அதான்' என்ற ஒன்றும் மட்டுமே. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. பார்க்க வந்தவர்கள் புத்தி பேதலித்துவிட்டதாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது எனக்கும் அம்மாவுக்கும் கேட்கும்படியே நடந்தது. அம்மாவோ முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கொடுத்தால், சொத்தையையும் கல்லையும் இடது கையால் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்தார். கடையிலிருந்து வந்த சில்லறை குறைந்திருந்தால் என் கையைப் பிடித்துத் திரும்ப எண்ண வைத்தார். ஒன்று, இரண்டு என்று நான் தொடங்கிக் கொடுத்தால் பத்து வரைக்கும் தடையில்லாமல் வந்துவிடும். நான்கு விரலைக் காட்டி இது எத்தனை என்றால் வராது. இது எனக்குப் பெரும் குழப்பமாக இருந்தது. பிற்பாடுதான் இதற்கு அஃபேசியா என்று பெயர் இருப்பதும், பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதி, உடம்பின் வலப்பக்கத்தை ஆளும் இடப்பக்க மூளையிலேயே இருப்பதால் வலது கை விழுந்தவர்களிடம் இது அதிகம் காணப்படுவதும், 1861-இலேயே பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எடுத்துக்காட்டியிருப்பதும் தெரியவந்தன. அறிவு அப்படியே இருக்கும். அறிவிலிருந்து சொல்லுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கும். எண்ணிக்கை, கிழமை வரிசை, பாடமான பாட்டு போன்ற பழகிப்போன தொடர்கள் வேறு வழியாக வருவதால் தப்பி நிற்கும். இவ்வளவையும் முதல் நாளே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால், அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி அப்படிப் பேசுவதற்கு ஒருவரையும் விட்டிருக்க மாட்டேன்.

அந்த இடைவெளியில்தான் பணம் போனது. நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்று ஒருவர் கொடுத்த தைலத்துக்கும் அதோடு சேர்ந்த லேகியத்துக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. நாக்கில் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. வெற்றிலை மெல்ல முடிந்தது, கஞ்சி விழுங்க முடிந்தது. பேச்சுப் பயிற்சி என்று பலகை மாட்டியிருந்த ஓரிடத்துக்கு வாடகைக் கார் பிடித்துப் போய்வர ஒவ்வொரு முறையும் இரண்டாயிரத்துக்கு மேல் ஆனது. அங்கே குழந்தைகளுக்கான படப் புத்தகத்தைக் காட்டித் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், அவ்வளவுதான். அம்பாசமுத்திரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்குச் சம்பளமில்லாத விடுப்பு நீண்டுகொண்டே போனது. மருத்துவமனைச் செலவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எழுபதாயிரத்துக்குக் குறையாமல் போயிருக்கும். இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பேச்சுப் பயிற்சி தருபவர் யாராக இருந்தாலும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுப் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய 'சொல் பயிற்சிப் பெட்டி' ஒன்றைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கலைந்த எழுத்துகளை அடுக்கிச் சொல்லாக்கும் பயிற்சி அதில் இருந்தது. எண்ணம் நல்லதுதான், செய்தவருக்குத் தமிழ் எழுத்து எப்படி நிற்கிறது என்பது பிடிபடவில்லை. கொம்பையும் காலையும் தனித்தனி அட்டையாக அச்சிட்டிருந்தார்கள். 'கொடி' என்று அடுக்க ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால், ஒரு டி என நான்கு அட்டை வேண்டும். அம்மா கொம்பு அட்டையைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னைப் பார்த்தார். அதற்கு ஒலி கிடையாது. வாயில் சொல்ல முடியாத ஒன்றை எழுத்து என்று எப்படி அவர் கொள்வார்? தமிழில் கொ என்பது ஓர் எழுத்து, ஒலியும் ஒன்று. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துக்குச் செய்த முறையை அப்படியே இங்கே வெட்டி ஒட்டியதன் விளைவு இது. இன்னொரு கோளாறு, ந, க, ர, ம் என்ற நான்கு அட்டைகளுக்கு விடைத்தாளில் 'நகரம்' மட்டும் இருந்தது. 'நரகம்' என்று அடுக்கினாலும் அது சொல்தானே. கலசம் என்பதற்குச் சகலம், பயணம் என்பதற்குப் பணயம் என்று இப்படிப் பல உண்டு. நல்ல உடம்போடு இருப்பவருக்கு இது சுவையாக இருக்கலாம். சொல்லைத் தேடித் தவிப்பவர் சரியாக ஒன்றைச் செய்துவிட்டு அது தப்பு என்று கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அன்றைக்கு அம்மா அட்டைகளைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயிற்சிக்கு எடுக்கும் எழுத்துகள் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் வருமாறு முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வழி காட்டியவர், வெகு நாள் கழித்துச் சந்தித்த ஓர் இளம் பேச்சுப் பயிற்சியாளர். அவர் முதலில் செய்தது பேச்சுப் பயிற்சியே அன்று. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, விரலை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, எங்கே கண் தவறுகிறது என்று பார்த்தார். இடப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இரண்டு கண்களிலுமே வலப்பக்கக் காட்சி குறைந்துவிடுமாம். அம்மாவுக்கும் அப்படியே. மூன்று எழுத்தை வரிசையாக வைத்தால் வலக்கோடியில் உள்ள எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. நாங்களோ அந்த எழுத்து அவருக்கு மறந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தோம். பலகையை அவருக்கு இடப்பக்கமாக நகர்த்தி, கலைத்த எழுத்துகளை மேலிருந்து கீழாக வைத்த அன்றே பாதிக் குழப்பம் தீர்ந்தது. எழுத்துப் பயிற்சி தொடங்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை, அரிசோனா பல்கலைக்கழகத்தின் பெலாஜி பீசன் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருப்பது. பொருளையோ படத்தையோ முன்னால் வைக்க வேண்டும். அதன் பெயருக்குரிய எழுத்துகளைக் கலைத்து வைக்க வேண்டும். நோயாளி அடுக்கியதும் அதைப் பார்த்து மூன்று முறை எழுத வேண்டும். பிறகு வேண்டாத எழுத்து இரண்டைக் கூடச் சேர்த்துக் கலைத்து, அவற்றை ஒதுக்கிவிட்டு அடுக்க வைத்து, மறுபடியும் மூன்று முறை எழுத வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். வராவிட்டால் முதலிலிருந்து. ஒரு சமயத்தில் சில சொற்கள் மட்டுமே. கேட்க எளிதாக இருக்கும் இதில், பொருள் கண்ணெதிரே இருப்பதுதான் உயிர்நிலை. பொருளில்லாமல் எழுத்தை மட்டும் அடுக்கினால் அது கைவேலையாகவே நின்றுவிடும். இது முதலில் எழுத்தைத் திருப்பிக் கொடுக்கும் பயிற்சி என்பதையும், பேச்சு கூடவே வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் பயிற்சியாளர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே நான் அவரை நம்பினேன்.

அதன் பிறகு அட்டைகளை வீட்டிலேயே செய்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டையை இரண்டு விரல் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, கறுப்புப் பேனாவால் பெரிதாக, ஓர் அட்டைக்கு ஒரு முழு எழுத்து என்று எழுதினேன். கொம்பு தனி, கால் தனி என்பதே கிடையாது. தமிழ் எழுத்து 247 ஆயிற்றே, அத்தனையும் எழுத வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். தேவைப்படும் சொல்லுக்கு மட்டும் எழுதினால், தொடக்கத்துக்கு நாற்பது, ஐம்பது அட்டைக்குள் அடங்கிவிடும். இங்கே எதிர்பாராத ஒரு தடை வந்தது. 'விலை' என்பதற்கு வி, லை என்ற இரண்டே அட்டைதான். அம்மா லை அட்டையை ஒவ்வொரு முறையும் ஒதுக்கிவிட்டுத் தேடினார். அவருடைய பழைய நோட்டைப் புரட்டிய பின்புதான் விளங்கிற்று. ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் ணா, றா, னா ஆகியவற்றையும் 1978-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு நாம் இன்றைய வடிவத்தில் எழுதுகிறோம். அம்மா பள்ளியில் படித்தது அறுபதுகளில். அச்சில் புதிய வடிவத்தைப் படித்தாலும், கை மட்டும் எழுத்தோடு சேர்த்துச் சுழிக்கும் பழைய லையையே நோட்டில் எழுதி வந்திருக்கிறது. அண்ணாச்சி என்று வருமிடமெல்லாம் பழைய ணாதான். நோட்டிலிருந்து அந்த வடிவங்களை அப்படியே பார்த்து எழுதி அட்டை செய்தேன். லை உடனே இடத்தில் போய் உட்கார்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் பயிற்சி கொடுக்கும் எவரும், அவர் முன்பு எழுதிய கடிதமோ கணக்கு நோட்டோ ஒன்றைத் தேடி எடுத்து, அவருடைய கை எழுத்தை எப்படி எழுதியது என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளை வரிசையாகக் கொடுக்கச் சொன்னார். அவற்றில் கை, தீ, பூ, பை, ஈ என்று வீட்டில் புழங்குவனவற்றை மட்டும் எடுத்தேன். ஓரெழுத்தில் கலைக்க ஒன்றுமில்லை என்றாலும், அட்டையைப் பொருளின் மேல் வைக்கச் செய்து பொருள் புரிகிறதா என்று சோதிக்கலாம். வாயால் ஆமா என்று சொல்வதை நம்ப முடியாத நிலையில் இது பெரிய உதவி. அதன் பிறகு மாவு, மோர், சாவி, பாய், விலை என்ற இரண்டெழுத்துச் சொற்கள். பெட்டியில் இருந்த ஒட்டகமும் ஆப்பிளும் அம்மாவுக்கு எதற்கு? அவருடைய அடுக்களையிலும் நோட்டிலும் உள்ள சொற்களே அவருக்கு வேண்டியவை.

ஒன்றை இன்றும் வியப்போடு நினைக்கிறேன். மற்ற எழுத்துகளை எப்படிக் கலைத்து வைத்தாலும், அம்மா மெய்யெழுத்தை முதலில் வைத்ததே இல்லை. 'ர்', 'ம்', 'ப்' எல்லாம் நடுவிலோ கடைசியிலோதான் போயின. சொல் போன பின்னும் மொழியின் ஒழுங்கு உள்ளே எங்கோ இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் செய்தேன். தமிழில் ங் வந்தால் அடுத்துக் க, ஞ் வந்தால் ச, ண் வந்தால் ட, ந் வந்தால் த, ம் வந்தால் ப, ன் வந்தால் ற என்று இன எழுத்து சேர்ந்து வருவது வழக்கம். நீளமான சொற்களில் இந்த இணையை ஒரே அட்டையில் சேர்த்து எழுதிவிட்டால் அடுக்குவது பாதியாகக் குறைந்துவிடும். உளுந்து என்பது உ, ளு, ந்து என மூன்றாகும்; பிரண்டை என்பது பி, ர, ண்டை. அவை நன்றாகப் பழகிய பிறகு இணையைப் பிரித்துக் கொடுத்தேன். ல, ள, ழ ஆகியவற்றையும் ர, ற ஆகியவற்றையும் ஒரே நாளில் ஒன்றாகக் கொடுப்பதைத் தவிர்த்தேன்.

உப்பு வந்த நாளைச் சொல்கிறேன். அப்பளம் இடும் பலகையின் மேல் பீங்கான் கிண்ணத்தில் கல் உப்பு. அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாக பு, உ, ப். அம்மா முதலில் பு அட்டையை எடுத்து வைத்து அதன் அருகே உ அட்டையை வைத்தார். ஏதோ ஒட்டவில்லை என்று தெரிந்தது. கிண்ணத்தில் விரலை விட்டு ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். அதைக் கரைய விட்டபடியே பு அட்டையைத் தள்ளி, உ அட்டையை இடக்கோடிக்குக் கொண்டுவந்து, ப் அட்டையை வெகு நேரம் கையில் வைத்திருந்து, நடுவில் வைத்தார். பிறகு தாமே பென்சிலை இடது கையில் எடுத்தார். கோணல் மாணலாக மூன்று முறை எழுதினார். வாயில் அன்று சத்தம் வரவில்லை. வெகு நாள் சென்று ஒரு நாள் குழம்பை வாயில் வைத்ததும் "உப்பு" என்றார். போதுமா, கூடிவிட்டதா என்பது எனக்குப் புரியவில்லை. சொன்னாரே, அதற்குத்தான் அழுதேன்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே இருப்பில் ஒரு மணி நேரம் என்று உட்கார வைத்தால், முதல் கால் மணியில் வந்ததும் கடைசியில் போய்விடும். மூளைக்கு வரும் அசதி வெளியே சட்டென்று தெரியாது. கண் சொருகும், அட்டையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். காலையில் சிறிது, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பின் சிறிது என்று பிரித்துக்கொள்வதே சரி. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகு வராது என்று பலர் பயமுறுத்துவார்கள். வேகம் குறையும் என்பது உண்மை. நின்றுவிடும் என்பது உண்மையன்று. ஆண்டுக்கணக்கில் கழிந்தும் பயிற்சியால் பலன் கண்டவர்கள் உண்டு என்று பயிற்சியாளர் சொன்னதை நான் கண்ணாரக் காண்கிறேன். பல நாள் சேர்ந்தாற்போலச் சாப்பாட்டில் நாட்டமில்லாமல், அட்டையைத் தொடாமல் இருந்தால் அது சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது மிகவும் சாதாரணம்; அதற்கும் மருந்து உண்டு; மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் "மதினி, நான் யாரு? எம் பேரச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் அம்மா கூனிக் குறுகிப் போவதைப் பார்த்தவள் நான். வாசலிலேயே சொல்லிவிடுவேன்: "பேரைக் கேக்காதீங்க, நீங்களே பேரைச் சொல்லிட்டு உக்காருங்க, மெதுவா பேசுங்க, அவங்களுக்கு எல்லாம் புரியும்." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பதில் வரத் தாமதமானால் முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுப்பதையும் நிறுத்தச் சொன்னேன். பத்து எண்ணும் அளவுக்குக் காத்திருந்தால் முதல் எழுத்தாவது வந்துவிடுகிறது.

இப்போது அம்மாவால் அடுக்களைச் சொற்களில் பெரும்பாலானவற்றைப் பார்க்காமல் இடது கையால் எழுத முடிகிறது. கடையிலிருந்து ஆள் வந்தால் சிலேட்டில் 'கட்டு' என்றும் எண்ணையும் எழுதிக் காட்டுகிறார். பேச்சில் வருபவை அதைவிடக் குறைவு. பெயர்ச்சொற்கள் வந்த அளவுக்கு வினைச்சொற்கள் வரவில்லை. இந்த வகைப் பாதிப்பில் பலருக்கும் அப்படித்தானாம். வா, போ, தா, நில் என்ற குட்டிச் சொற்களை இப்போது எடுத்திருக்கிறோம். அவற்றுக்குப் படம் பயன்படவில்லை. ஆகவே அந்தச் செயலையே அவர் முன்னால் செய்துகாட்டி, உடனே அட்டையைக் கையில் கொடுக்கிறேன். 'தா' என்பதற்கு நான் கையை நீட்ட, அவர் கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டு அட்டையை எடுப்பார். 'நில்' இன்னும் பிடிபடவில்லை. நி, ல் இரண்டையும் சரியாக அடுக்கிவிடுகிறார், மூடினால் எழுத வரவில்லை. வாசல் வரை நடக்கும்போது நின்று நின்று செய்து பார்க்கும்படி பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் அதைத் தொடங்கியிருக்கிறோம்.